கந்தப்பளை கட்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதைத் தொகுப்பவர் கிருஷாந்தி டீச்சர். மூன்று வாரங்களுக்கு முன் ஆசிரியர் அறையில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், நீங்க கிட்டார் வாசிக்கிறீங்கதானே? புள்ளைங்களுக்குப் பிரயோசனமா ஒண்ணு எழுதித் தாங்க. ரிதம் கிட்டார சொந்தமா யோசிச்சு எப்படி வாசிக்கிறதுன்னு. ஆயிரம் சொல்லுக்கு மேல வேணாம். உங்களுக்கும் மனசுக்கு ஒரு மாறுதலா இருக்கும்."

கடைசி வாக்கியத்தில் குரல் தாழ்ந்தது. என்னிடம் பேசும்போது எல்லோருக்கும் கடைசி வாக்கியத்தில் குரல் தாழும். என் மனைவி கஜனி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

ஒத்துக்கொண்டேன். தெரிந்த விடயம். ஹட்டனில் ஒரு மியூசிக் குரூப்பில் பதினோரு வருடமாக ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். தேயிலைத் தோட்டத்துத் திருவிழா, கல்யாணம், சடங்கு வீடு. இந்தப் பக்கத்தில் என்னைவிட நன்றாக ரிதம் வாசிக்கிறவர் இரண்டு பேர் இருக்கலாம். மூன்றாவது ஆள் இல்லை. நான் கணித ஆசிரியன். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கட்டுரை மூன்றாவது குறிப்பு வரை நன்றாக வந்தது. நான்காவதில் ஒரு பொய் எழுதினேன். அதைத் திருத்தப் போனேன். ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

2

கதை என்று ஆன பிறகு தொடக்கம் வேண்டும். மூன்று எழுதினேன்.

முதலாவது: "பனி இறங்கிய ஒரு மாலையில், கந்தப்பளைத் தோட்டமொன்றில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் —"

வேண்டாம். எங்கள் ஊர்க் கதைகளில் எப்போதும் பனி முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆட்கள் பிறகு வர வேண்டியிருக்கிறது.

இரண்டாவது: "கஜனி பாடும்போது கண்ணை மூடிக்கொள்வாள்."

மூடமாட்டாள். என் இடது கையைப் பார்த்துக்கொண்டு பாடுவாள். ஏன் என்று எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. [இதை இங்கே சொல்லியிருக்கக் கூடாது. இருக்கட்டும்.]

மூன்றாவது: "நாளை காலை பத்து மணிக்கு நான் ஒரு பீட்டை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்காமல் விட வேண்டும்."

இது சரி. கதை இவ்வளவுதான். இன்று சனிக்கிழமை மத்தியானம்.

3

கட்டுரையில் எழுதியிருந்த முதல் மூன்று குறிப்புகளை அப்படியே தருகிறேன். அவற்றில் பொய் இல்லை.

குறிப்பு 1. புதுப் பாட்டை முதல் தடவை கேட்கும்போது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நெரிசலான பஸ்ஸில் ஏறுகிற மாதிரிதான். இடம் எங்கே என்று தெரியாமல் உள்ளே தள்ளினால் எல்லோருக்கும் கஷ்டம்.

குறிப்பு 2. கீபோர்ட்காரரின் இடது கை வாசிப்பதை நீங்களும் வாசிக்காதீர்கள். அவர் கீழே கனமாகப் போனால் நீங்கள் மேலே போங்கள். ஆறு கம்பியும் தேவையில்லை. மெல்லிய மூன்று கம்பி போதும். அதே கோர்டை, அதாவது அதே சுரக் கூட்டை, கழுத்தில் ஐந்தாம் உலோகக் கட்டில், எட்டாம் கட்டில் பிடித்துப் பாருங்கள். அதே பேச்சை வேறு ஆள் பேசுகிற மாதிரி இருக்கும்.

(எங்கள் கீபோர்ட்காரர் சிவசாமி அண்ணன். குரூப்புக்கும் அவர்தான் தலைவர். ஹட்டனில் போன் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல்மாடியில் ரிகர்சல். இந்தக் குறிப்பைப் படித்தால், "அப்ப என் இடது கை கனம்ங்கிறியா?" என்று கேட்பார். கனம்தான் அண்ணே.)

குறிப்பு 3. வலது கை நிற்கக் கூடாது. பாட்டுத் தொடங்கி முடியும்வரை மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருக்கட்டும். சத்தம் வேண்டுமா வேண்டாமா என்பதை இடது கை பார்த்துக்கொள்ளும். விரலை அழுத்தினால் சுரம். அழுத்தாமல் தொட்டால் வெறும் 'சக்'.* ரிதம் கிட்டாரில் பாதி அந்த 'சக்'தான். டிரம்ஸ் விழுகிற இடத்தில் அதைப் போடாதீர்கள். கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ போடுங்கள். இரண்டும் கேட்கும்.

* இதற்கு வேறு சொல் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் குரூப்பில் டிரம்ஸுக்குப் பதிலாக ஒக்டபேட் தட்டுகிற கிஷாந்த்திடம் கேட்டேன். "மச்சான், 'சக்'குக்கு சக்குன்னுதான் பேரு," என்றான். அவன் பகலில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். இந்தக் கதையில் தனக்கு மீசை வைக்கும்படி கேட்டுக்கொண்டான். வைத்துவிட்டேன்.

4

குறிப்பு 4. இடம் விடுங்கள். வாசிக்காத பீட்டும் உங்கள் பீட்தான். உதாரணத்துக்கு, எங்கள் குரூப்பின் சொந்தப் பாட்டு ஒன்றில் நான் ஒரு இடத்தில் முழுதாக ஒரு பீட் விடுகிறேன். பாடகர் மூச்சு வாங்குவதற்காக —

இங்கேதான் நின்றேன்.

பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மெட்டு சிவசாமி அண்ணனுடையது. வரிகள் கஜனி எழுதி, அவளே பாடியவை. சரணத்தில் இப்படி வரும்:

மேல்மலையில் பெய்த மழை
கீழ்மலைக்கு வந்துசேரும்

பாட்டின் சுருதி சி. 'கீழ்மலைக்கு' என்பதற்கு ஜி கோர்ட், நான்கு பீட். 'வந்து' என்கிற இடத்தில், அடுத்த ஒன்றாவது பீட்டில், எஃப் கோர்ட் விழ வேண்டும். நான் வாசிக்கும்போது அது விழாது. ஒரு பீட் காலியாகக் கிடக்கும். கிட்டார் இருக்காது, குரல் இருக்காது. இரண்டாவது பீட்டில் எஃப்பும் 'வந்துசேரும்' என்பதும் சேர்ந்து வரும்.

இதைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். மழை வந்து சேர நேரம் எடுக்கிறது, அதுதான் அந்த இடைவெளி என்றார் ஒரு தமிழ் ஆசிரியர். மனைவி மூச்சு வாங்க இடம் விட்டு வாசிக்கிற புருஷன் இந்த நாட்டிலேயே நீ ஒருவன்தான் என்றார் சிவசாமி அண்ணன். ஏழு வருடம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். செத்தவீட்டில்கூட ஒருவர் அதைச் சொல்லி அழுதார். அங்கேயும் தலையாட்டினேன்.

5

நடந்தது இது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம். ஜனவரி. கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் திருவிழா. பின்னேரம் நான்கு மணிக்கு நிகழ்ச்சி. பெரட்டுக் களத்தில் திறந்த மேடை. [பனி. சரி, இருந்தது. ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறேன்.]

அந்தக் குளிரில் கம்பி விரலை வெட்டும். பாட்டுக்குப் பாட்டு தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து விரலைச் சூடாக்கிக்கொண்டு வாசித்தேன். ஜி-யில் விரல்கள் இரண்டு ஓரத்துக்கும் விரிந்து கிடக்கும். எஃப்புக்கு ஆள்காட்டி விரலை முதலாம் கட்டில் ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். கிட்டார் பழகுகிறவர்களில் பாதிப்பேர் கிட்டாரைக் கைவிடுவது இந்த எஃப்பில்தான். எனக்கு வீட்டில் வரும். பதினோரு டிகிரியில் வரவில்லை.

(கேப்போ போட்டிருக்கலாமே என்று கிட்டார் தெரிந்தவர் கேட்பார். கேப்போ என்பது கழுத்தில் மாட்டுகிற கிளிப். எஃப் தொல்லையே இருந்திருக்காது. கேப்போ போட்டால் கிட்டார் குரலோடு போய் மோதும் என்று அப்போது காரணம் சொன்னேன். எங்களிடம் இருந்த ஒரே கேப்போவின் ரப்பர் கழன்றுபோயிருந்தது. அதுதான் காரணம்.)

'கீழ்மலைக்கு' என்று கஜனி பாடிவிட்டாள். என் கை ஜி-யைவிட்டுக் கிளம்பிவிட்டது. எஃப்பில் போய் இறங்கவில்லை. வலது கையைக் காற்றில் வீசினேன். கஜனி என் இடது கையைப் பார்த்தாள். நிறுத்தினாள். மைக்கில் கேட்கிற மாதிரி மூச்சை இழுத்தாள். அடுத்த பீட்டில் கை வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

கூட்டத்தில் விசில் அடித்தார்கள்.

6

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். கஜனியும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிப்பித்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் கிடைத்து வந்தவள்.

"என்னப்பா, நேற்று அதில உங்கட கை எங்க போட்டுது?"

"எங்கயும் போகல. உனக்காகத்தான் விட்டேன்."

"எனக்காகவோ?"

"அந்த வரியில நீ மூச்சுக்குத் திணறுற. ரிகர்சல்லயே கவனிச்சேன். அதான் ஒரு பீட் விட்டேன், வாங்கிக்கட்டும்னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வளைவு போனது.

"ஓம். நல்லாத்தான் கிடந்தது," என்றாள். "இனி அப்பிடியே விடுங்கோ."

[இந்த இடத்தில், ஜன்னல் கண்ணாடியில் அவள் சிரித்தது தெரிந்தது என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நான் பார்க்கவில்லை. கணித விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.]

அதன் பிறகு அவள் அந்த இடத்தில் தவறாமல் மூச்சு வாங்கினாள். ஆறு மாதத்தில் எனக்கு எஃப் சரியாகிவிட்டது. குளிரிலும் வந்தது. ஆனால் போடவில்லை. சொன்ன பொய்யைப் பராமரிக்க வேண்டியிருந்தது. இரண்டு மூன்று வருடத்தில் அது பொய் என்பதே மறந்துபோனது. நான் உண்மையிலேயே அவளுக்காக விட்டேன் என்று நம்பினேன். அவளும் நம்புகிறாள் என்று நம்பினேன்.

போன வருடம் ஒரு புதன்கிழமை வகுப்பில் தலை வலிக்கிறது என்றாள். சனிக்கிழமை கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம்.

அதைப் பற்றி இந்தக் கதையில் வேறெதுவும் இல்லை.

7

நான்கு மாதங்களுக்கு முன் கினிகத்தேனையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வாசிக்க அல்ல, சாப்பிட. வேறொரு குரூப் வாசித்தது. எங்கள் பாட்டையும் வாசித்தார்கள். அந்தக் கந்தப்பளைத் திருவிழாவில் யாரோ எடுத்த வீடியோ ஒன்று போனுக்குப் போன் போய், மஸ்கெலியாவிலிருந்து கந்தப்பளை வரை எல்லாக் குரூப்பும் அதை வாசிக்கிறது.

அந்த இடம் வந்தது. கிட்டார்காரர் ஒரு பீட் விட்டார்.

கினிகத்தேனை ஹட்டனைப் போல் குளிராது. மண்டபத்தில் எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. நான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். கை ஏற்கெனவே எஃப்பில் இருந்தது. அழகாக, குறுக்கே படுத்து, தயாராக இருந்தது. இருந்தும் காத்திருந்தார்.

சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைத் தெரியவில்லை.

"அந்த ரெண்டாவது வரியில ஒரு பீட் விட்டீங்களே, ஏன்?"

"அது அப்படித்தான் சார். அங்க விடணும்."

"விடாட்டி?"

"விடாட்டி அந்தப் பாட்டு இல்ல சார். அதுக்குப் பேரே கந்தப்பளை கட்." தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "சார் கிட்டார் வாசிப்பீங்களா?"

"கொஞ்சம்."

"அப்ப இத முதல்ல பழகுங்க. கேக்க லேசா இருக்கும். ஆனா கை சும்மா இருக்காது. போடு போடுன்னு சொல்லும். அடக்கணும்."

பழகுகிறேன் என்றேன்.

8

இப்போது எங்கள் புதுப் பாடகி நிலக்ஷி வர வேண்டும். அவரை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக எழுதினேன். பெரிய காதணி போட்டேன். சத்தமாகச் சூயிங்கம் மென்றார். பாடத் தெரியும், ஆனால் அலட்டல் என்று ஒரு வாக்கியம். எல்லாம் பொய். எனக்கு அவர் அப்படி இருந்தால் வசதி.

நிலக்ஷி மஸ்கெலியாவில் ஒரு வங்கியில் வேலை செய்கிறார். இருபத்தாறு வயது. சனி ஞாயிறுகளில் பஸ் பிடித்து ரிகர்சலுக்கு நேரத்தோடு வந்துவிடுவார். சுருதி சுத்தம். ஐந்து மாதமாக எங்களோடு பாடுகிறார். இந்தப் பாட்டைப் பல மேடையில் பாடிவிட்டார்.

நாளை ஸ்டூடியோவில் பதிவு. பாட்டை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்பது சிவசாமி அண்ணனின் ஆசை. அதற்காக நிலக்ஷியின் குரலுக்கு ஏற்ற மாதிரி சுருதியை டி-க்கு ஏற்றினார். போன ஞாயிறு பிற்பகல் முதல்முறை அப்படி வாசித்தோம்.

டி-யில் அந்த இடத்தில் ஏ கோர்டிலிருந்து ஜி-க்குப் போக வேண்டும். இரண்டும் திறந்த கோர்ட். பழகத் தொடங்கி ஒரு மாதமான பிள்ளையும் மாற்றும். குறுக்கே விரல் படுக்க வேண்டியதில்லை. ஆனால் என் கை பழக்கத்தில் நின்றது. நிலக்ஷி நிற்கவில்லை. 'வந்து' என்பது தனியாக வெளியே போய் விழுந்தது.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், இத்தன நாள் கேக்கணும்னு நெனச்சேன். அங்க ஏன் நிக்கிறீங்க?"

"மூச்சுக்கு," என்றேன்.

"எனக்கு அங்க மூச்சு வேணாம் சார். 'மழை'க்கு அப்பறமே வாங்கிடுறேன்."

கிஷாந்த் குச்சியை விரலில் சுற்றினான். "யம்மா, அது கந்தப்பளை கட். ஊரே கேக்காம வாசிக்குது. நீங்க ஒராள்தான் ஏன்னு கேக்குறீங்க."

"ஊரே கேக்காம வாசிச்சா நானும் கேக்காம பாடணுமா?"

"நல்லா வாங்கிக்க," என்றார் சிவசாமி அண்ணன் கிஷாந்த்தைப் பார்த்து. "மீசையிருந்தா மட்டும் போதுமா?"

நிலக்ஷி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"கோவிக்காதீங்க சார். நான் அங்க நின்னு மூச்சு வாங்கினா அப்படியே கஜனி அக்கா மாதிரி இருக்கு. போன மாசம் திருவிழாவுல ஒரு அம்மா மேடைக்குப் பின்னால வந்து, 'அந்தப் புள்ள மாதிரியே பாடுற'ன்னு என் கன்னத்தப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். பஸ்ஸுல போறப்பதான் யோசிச்சேன். நான் பாடினத அவங்க கேக்கவே இல்லையே."

பதில் சொல்ல வேண்டியவன் நான். கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி சரி," என்றார் சிவசாமி அண்ணன். "பைலப் பாரு. கஜனி எங்கெங்க மூச்சுன்னு எல்லாம் குறிச்சு வச்சிருக்கும்."

குரூப்பின் பாட்டுத் தாள்கள் எல்லாம் ஒரு பைலில் இருக்கும். பதினான்கு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. நிலக்ஷி ஐந்து மாதமும் போனில் வரிகளைப் பார்த்துத்தான் பாடினார். அன்றைக்குத்தான் அவரும் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் கஜனியின் தாள்.

"இருக்கு. செவப்பு மையில டிக் போட்டிருக்காங்க. நான் சொன்னேன்ல, 'மழை'க்கு அப்பறம் ஒண்ணு... இல்ல, அத வெட்டியிருக்காங்க. 'கீழ்மலைக்கு'கிட்ட இன்னொண்ணு போட்டு, பக்கத்துல என்னமோ எழுதியிருக்கு." தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வாசித்தார். "'இதில மூச்சு. ஜீவாவின்ர கை வந்துசேரட்டும்.'"

ஜீவா நான்தான். ஜீவராஜ்.

கிஷாந்த் சத்தமாகச் சிரித்தான். பாதியில் நிறுத்தினான். நிறுத்தின அவசரத்தில் குச்சி ஒக்டபேட்டில் விழுந்து 'டும்' என்றது. சிவசாமி அண்ணன் கீபோர்டின் சத்தத்தைக் குறைத்தார். அது ஏற்கெனவே குறைந்துதான் இருந்தது.

"சார், நான் தெரியாம —"

"பரவால்ல. தேதி போட்டிருக்கா?"

போட்டிருந்தாள். ஆசிரியர்கள் தேதி போடாமல் விடமாட்டார்கள். எட்டு வருடத்துக்கு முந்திய ஜனவரி. திருவிழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை. பஸ்ஸில் பேசிய அதே நாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். "அடுத்த பாட்டுக்குப் போவோம்," என்றேன். போனோம். அதில் ஒரு பிழையும் விடவில்லை.

9

வாசகர் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நான் அவளுக்கு இடம் விட்டேன் என்பது பொய். அவள்தான் எனக்கு இடம் விட்டாள். தனக்கு வசதியான இடத்தில் இருந்த மூச்சை வெட்டி, எனக்குத் தேவையான இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். என் பொய்யைக் கேட்டுக்கொண்டு, அதை உண்மையாக்கித் தந்தாள். மேடைக்கு மேடை என் கையைப் பார்த்துக்கொண்டு பாடினாள். தனக்காக விடுகிறேன் என்று நான் பெருமையாக நின்றதையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஏழு வருடத்தில் ஒரு சண்டையில்கூட அதை எடுத்து வீசவில்லை. எங்களுக்குள் சண்டை குறைவில்லை.

ரிகர்சல் முடிந்து படியிறங்கும்போது சிவசாமி அண்ணன் என் கிட்டார் உறையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஜீவா. அந்தப் பீட்ட விடுறியா போடுறியான்னு நீயே முடிவு பண்ணிக்க. ஞாயித்துக்கிழம பத்து மணிக்குப் பதிவு. ஒருக்கா பதிஞ்சா பதிஞ்சதுதான்."

"நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

"நானா? விடுன்னுதான் சொல்லுவேன். அது நம்ம அடையாளம். ஆனா அந்தப் புள்ள சொல்றதும் ஞாயம்தானே. ஐஞ்சு மாசமா வேறொருத்தர் மூச்ச வாங்கிக்கிட்டு நிக்குது." கொஞ்சம் யோசித்தார். "நீ எங்க நின்னாலும் அது ஒன்ன பார்த்துதான் பாடும். அதயும் யோசிச்சுக்க."

10

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ.

போடுகிறேன். ஒன்றாவது பீட்டில் ஜி விழுகிறது. நிலக்ஷியின் 'வந்துசேரும்' அதன் மேல் ஏறி நிற்கிறது. பாட்டு அவருடையதாகிவிடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவசாமி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த 'ஒன்றும் ஆகவில்லை'தான் எனக்குப் பயமாக —

ஆ.

விடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் கஜனியைக் கேட்கிறார்கள். நிலக்ஷி மரியாதைக்காக நிற்கிறார், மூச்சு வாங்குகிறார், பாடுகிறார். பதிவு முடிந்ததும், "நல்லா வந்திருக்கு சார்," என்கிறார். அடுத்த மாதம் வங்கியில் வேலை கூட என்று சொல்லி ரிகர்சலுக்கு வராமல் —

இ.

அந்தப் பீட்டில் 'சக்' போடுகிறேன். குறிப்பு 3-ஐப் பாருங்கள். அழுத்தாமல் தொடுவது. சுரமும் இல்லை, மௌனமும் இல்லை. நிலக்ஷிக்குக் கால் வைக்க ஒரு படி கிடைக்கிறது. கஜனியின் இடமும் இடமாகவே இருக்கிறது. எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

இது கெட்டிக்கார முடிவு. செவ்வாய்க்கிழமை இதைக் கண்டுபிடித்தபோது சந்தோஷப்பட்டேன். புதன்கிழமை வாசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் நான் சொன்ன பதில் மாதிரியே இருந்தது. அந்த நேரத்துக்குக் கைக்கு வந்த சமாளிப்பு. அடித்துவிட்டேன்.

11

கிருஷாந்தி டீச்சர், ஆயிரம் சொல் எப்போதோ தாண்டிவிட்டது. வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். இதை மட்டும் விட்டுவைக்க வேண்டும்:

குறிப்பு 4 (திருத்தியது). இடம் விடுங்கள். யாருக்காக விட்டீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். வேறு யாராவது உங்களுக்காக விட்டிருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள். பாடுகிறவர் எங்கே பார்த்துக்கொண்டு பாடுகிறார் என்று பார்த்தாலே தெரியும்.

12

இந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வரியை மட்டும் வாசித்தேன். டி-யில் அல்ல, பழைய சி-யில். குளிர் இருக்கட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஜி-யிலிருந்து எஃப்புக்கு. வெள்ளிக்கிழமை எண்ணினேன். ஐம்பது தடவையில் ஐம்பது தடவையும் கை நேரத்துக்கு முன்னே போய்க் குறுக்கே படுத்துக் காத்திருந்தது, கினிகத்தேனைக்காரருடைய கையைப் போல.

அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கஜனியைத் தெரியாது. என் விரல் விறைத்ததும் தெரியாது. கல்யாண மண்டபத்தின் வேர்வையில் நின்று, கை வந்துசேர்ந்த பிறகும், யாருக்கென்று தெரியாமல் ஒரு பீட் காத்திருக்கிறார். மஸ்கெலியாவில் ஒருவர் காத்திருக்கிறார். கந்தப்பளையில் இரண்டு பேர். அவர்களை யாரும் நிறுத்த முடியாது. நான் நாளைக்கு அதைப் போட்டாலும், இந்த மலைகளில் எங்காவது ஒரு திருவிழாவில் அது விடப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே, நான் போட்டால் அவள் போய்விடுவாள் என்ற பயம் எனக்கு இல்லை. விட்டால் அவள் இருப்பாள் என்ற நம்பிக்கையும் இல்லை. இரண்டும் இல்லாமல் ஒரு கை மட்டும் இருக்கிறது. அது வந்துசேர்ந்துவிட்டது.

நாளைக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் இதை எழுத உட்கார்ந்தபோது தெரியாது. ஆறாவது பகுதிக்கும் எட்டாவது பகுதிக்கும் நடுவில் எங்கேயோ தெரிந்தது. சொல்லமாட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது பதிவு வெளிவந்திருக்கும். கேட்டுக்கொள்ளலாம்.

கேட்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கிட்டார் வேண்டாம். இடது கையை மேசையில் வையுங்கள். வலது கையால் முழங்காலில் நான்கு தட்டுங்கள், அவசரமில்லாமல், 'கீழ்மலைக்கு' என்று மனசுக்குள் பாடிக்கொண்டு. உங்களுக்கு எதிரே ஒருத்தி நிற்கிறாள். அவள் கஜனியா நிலக்ஷியா என்று நான் சொல்லமாட்டேன். அவள் உங்கள் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்கு முடிந்ததும் அடுத்த பீட் உங்களுடையது. தட்டலாம், விடலாம்.

கிஷாந்த், எண்ணு.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர் —"